பனி படியாத பெட்டி

அலமாரியில் காரில் பாட்டுக் கேட்கும் பெட்டிகள் மூன்று இருந்தன. இரண்டின் மேல் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. மூன்றாவதில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

திந்த்ரா அதைப் பார்த்தாள், ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹோல்கரின் பழைய கார் கிடங்கில் சூடேற்றும் வழக்கமே கிடையாது. வெளியே உறையும் குளிர் என்றால் உள்ளேயும் அதே குளிர்தான். மசகு எண்ணெயும் துருவும் நனைந்த நாயும் கலந்த மாதிரி ஒரு வாடை. வடகோடிக் குளிர்காலத்தில் மதியம் இரண்டரைக்கே இருட்டிவிட்டதால் உத்தரத்தில் ஒற்றைக் குழல்விளக்கு ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

அவளுக்குப் பதினாறு வயது. கார் ஓட்ட உரிமம் வர இன்னும் இரண்டு வருடம். ஊரில் அந்த வயதுப் பிள்ளைகள் எல்லாரையும் போல அவளும் ஒரு பழைய வோல்வோவின் பின்சீட்டைப் பிடுங்கி, அங்கே தகரத் தொட்டி வைத்து, முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடாதபடி இஞ்சினைப் பூட்டி, பின்னால் ஆரஞ்சு முக்கோணம் மாட்டி, டிராக்டர் என்று பதிந்து ஓட்டினாள். டிராக்டர் ஓட்ட அந்த வயதே போதும். வேகத்தில் ஒருவரை ஒருவர் ஜெயிக்க முடியாது. அதனால் சத்தத்தில் ஜெயித்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் பெட்ரோல் பங்கில் எல்லா வண்டியும் கூடும். போன வாரம் அங்கே இன்னொரு வண்டிக்காரி மூவா எல்லார் முன்னாலும் சொன்னாள்: "உன் வண்டியில பாட்டு கேட்டா, தகர டப்பாக்குள்ள ஈ மாட்டின மாதிரியே இருக்குடி."

இன்று சனிக்கிழமை.

"முதல்ல இருக்கறத எடுத்துக்க," என்றார் ஹோல்கர். கன்னத்துக்குள் புகையிலைப் பொட்டணத்தை அடக்கியிருந்ததால் பேச்சு ஒரு பக்கமாக வந்தது. "உழைக்கும்."

"அது சிடி மட்டும்தான் பாடும். சிடிய நான் மியூசியத்துலதான் போய்த் தேடணும்."

"அப்ப ரெண்டாவது."

அதில் பென் டிரைவ் செருகலாம். ஆனால் எம்பி3 தவிர வேறு எதையும் படிக்காது. பெரிய கோப்புகளாக, ஒரு இழை விடாமல் பதிந்த பாட்டுகளைத்தான் அவள் சேர்த்து வைத்திருந்தாள். மூன்றாவதன் முகப்பைப் படித்தாள். எல்லா வகைக் கோப்பும் பாடும். நாலு ஸ்பீக்கருக்குத் தனித்தனி வழி. போனில் பேச ஒரு சின்ன மைக்.

"இதுதான்."

"அது விக்கறதுக்கு இல்ல."

"விக்காததை ஏன் அலமாரியில வெச்சிருக்கீங்க?"

ஹோல்கர் குனிந்து காலடியில் கிடந்த நாயைத் தடவினார். "ஒரு பொண்ணோட வண்டியில இருந்தது. உன்னை மாதிரி. காட்டுப் பாதையில ஓரமா நின்னுச்சு. கண்ணாடி பூரா உறைபனி, உள்ள பாட்டு இடிச்சுக்கிட்டிருந்தது. தட்டிக் கேட்டேன், எல்லாம் சரியான்னு. சரின்னு பதில் வந்தது. நானும் போயிட்டேன்." புகையிலையை நாக்கால் நகர்த்தினார். "நான் போயிருக்கக் கூடாது."

கிழவர் ஏதோ கதை பேசி நேரம் கடத்துகிறார் என்று நினைத்தாள். அலமாரிப் பக்கம் திரும்பி, பெட்டியைக் கையில் எடுத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

"ஹோல்கர், எடுத்துக்கவா?"

'சுப்' என்று சத்தம் வந்தது.

அந்த வடக்கில் ஆமாம் என்று சொல்ல யாரும் வாயைத் திறப்பதில்லை. உதட்டைக் குவித்து, காற்றைச் சட்டென்று உள்ளே இழுப்பார்கள். அவ்வளவுதான். அப்பா அப்படித்தான் சொல்வார். டீச்சர், பாதிரியார், தபால்காரர், எல்லாரும் அப்படித்தான். திந்த்ரா நன்றி சொல்லித் திரும்பினாள். ஹோல்கர் அங்கே இல்லை. கிடங்கின் கோடியில், முதுகைக் காட்டிக்கொண்டு, நாய்க்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

வேகமாக நடக்கிற மனுஷன் என்று நினைத்துக்கொண்டு பணத்தை மேசையில் வைத்தாள்.

வாசலில் நின்ற வண்டியில் அங்கேயே பொருத்தினாள். ஒயரை வெட்ட வேண்டியிருக்கவில்லை. பழைய பெட்டியின் இடத்தில் இது தானாகவே வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. பென் டிரைவைச் செருகி, பாதையில் ஏறினாள். இரண்டு பக்கமும் பனி சுமந்த ஊசியிலை மரங்கள் நெருக்கி நின்றன. ஹெட்லைட் வெளிச்சத்தில் பொடிப்பனி அவளை நோக்கிப் பறந்து வந்து கண்ணாடியில் படாமல் விலகியது. முதல் பாட்டின் அடி நாதம் சீட்டுக்குக் கீழிருந்து எழும்பி முதுகுத்தண்டு வழியாகப் பல்லுக்குள் வந்து இனித்தபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மூவா வாயைப் பிளக்கப் போகிறாள். அப்பா இதே பாதையில்தான் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறார். எதிரே வந்தால் அவருக்கும் போட்டுக் காட்ட வேண்டும்.

பாட்டு முடிந்தது. அடுத்தது அவளுடையது அல்ல.

திரையில் பெயர் இல்லை. வெறும் எண். இண்டிகேட்டர் டிக்டிக் என்று அடித்தது. அவள் குனிந்து பார்த்தாள். அவளுடைய இண்டிகேட்டர் அணைந்திருந்தது. சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வந்தது. பிறகு ஒரு வண்டி ஓடும் உறுமல், ஒரு பெண் மெதுவாக ஏதோ முணுமுணுக்கும் பாட்டு. முணுமுணுப்பு நின்றது.

"யாரு?" என்றாள் அந்தப் பெண். "பின்னால யாராவது இருக்கீங்களா?"

சுப்.

அது பின் ஸ்பீக்கரிலிருந்து வந்தது. திந்த்ராவின் பிடரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பின்சீட் இல்லாத இடம். தகரம், ஸ்பீக்கர், இருட்டு.

பென் டிரைவைப் பிடுங்கினாள். சத்தம் நிற்கவில்லை. பெட்டியை அணைத்தாள். அணையவில்லை. ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தாள். வண்டி முப்பதில் போனது. முப்பதிலேயே போனது.

ஸ்பீக்கரில் சீட் பெல்ட் விறுவிறுவென்று இழுபடும் சத்தம். ஒரு தொண்டை அடைபடும் சத்தம். பிறகு உதை. குதிகால் கதவை உதைக்கும் சத்தம், தும், தும், தும், பாட்டின் அடி போலவே. ஏதோ நொறுங்கியது. ஈரமாக ஒரு இருமல். அதற்கு நடுவே, ஸ்பீக்கருக்குள்ளேயே, அந்த வண்டியின் கண்ணாடியை வெளியிலிருந்து யாரோ தட்டும் சத்தம்.

"எல்லாம் சரியாம்மா?" ஹோல்கரின் குரல்.

சுப்.

"சரி. சத்தத்தைக் கொற."

பனியில் காலடிகள் விலகின. உதை தொடர்ந்தது. மெதுவாக. இன்னும் மெதுவாக.

திந்த்ரா சாவியைத் திருகி இஞ்சினை நிறுத்தினாள். வண்டி ஓரமாக நின்றது. விளக்குகள் அணைந்தன. பெட்டியின் திரை மட்டும் எரிந்தது. பெல்ட்டைக் கழற்றப் பொத்தானை அழுத்தினாள். அழுத்தினாள். கழலவில்லை.

அவள் தோளுக்கு மேலே பெல்ட் விறுவிறுவென்று ஓடியது.

ஒரு சுற்று. கழுத்தில்.

விரலை நடுவில் நுழைத்தாள். பெல்ட் விரலோடு சேர்த்து இறுக்கியது. சுண்டுவிரல் முறிந்தது, காய்ந்த குச்சி மாதிரி. தலை சீட்டில் போய் மோதியது. நாக்கு பல்லுக்கு இடையில் மாட்டி, வாய் முழுக்க உப்பான சூடான ரத்தம். அது மோவாயில் வழிந்து திரையில் சொட்டியது. வெளிச்சம் சிவந்தது. அவள் மூச்சு கண்ணாடிகளில் உறைந்து வெள்ளையாக மூடியது.

அப்போது ஆரஞ்சு வெளிச்சம்.

சுழன்று சுழன்று வரும் ஆரஞ்சு வெளிச்சம், கூடவே பனி வழிக்கும் தகட்டின் கரகரப்பு. அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த சத்தம். லாரி நின்றது. பூட்ஸ் காலடி வந்தது. அப்பா.

அவள் கதவை உதைத்தாள். இரண்டு குதிகாலாலும். தும். தும். தும்.

"ஏய் திந்த்ரா, குட்டி, புதுப் பெட்டியா?" கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிரிப்பு. "வயித்துல வந்து இடிக்குதே."

தும். தும். தும்.

"இங்க ஏன் நிறுத்தின? எல்லாம் சரிதானே?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். ரத்தக் குமிழிதான் வந்தது.

கதவு ஸ்பீக்கர், அப்பாவின் காதுக்கு நேர் கீழே, காற்றை உள்ளே இழுத்தது.

சுப்.

"நல்லது. என் பின்னாலயே வா, பாதையச் சுத்தம் பண்ணித் தர்றேன். பங்குல மூவா காத்துக்கிட்டிருப்பா."

அவர் உறைபனிக் கண்ணாடியில் இரண்டு தட்டு தட்டினார், செல்லமாக. காலடிகள் விலகின.

சாவி தானாகத் திரும்பியது. அவள் கால்கள் கதவில் இருந்தன, எந்தப் பெடலிலும் இல்லை. வண்டி நகர்ந்தது. பனித் துடைப்பான் ஒரு வீச்சில் முன்கண்ணாடியில் கையகலம் வழி வைத்தது. அதற்குள் அப்பாவின் லாரி தெரிந்தது. தகடு பனியை இரண்டு பக்கமும் அள்ளி வீசியது. பாதை அகலமாக, சுத்தமாக, அவளுக்காகத் திறந்துகொண்டே போனது. பெட்டியின் திரையில் புதிய எண் ஒன்று தோன்றிப் பதிவாக ஆரம்பித்தது.

தும். தும்.

முன்னால் அப்பா ஹாரனைத் தட்டினார், அவள் குதிகாலின் தாளத்துக்குச் சரியாக.