கப்பல்காரர் வீட்டுப் பெட்டி

குழியில் பசை இல்லை.

மல்சுன் பெட்டியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி மறுபடி பார்த்தாள். சிப்பி உதிர்ந்த இடமென்றால் அடியில் பழைய பசை மஞ்சளாக ஒட்டியிருக்கும், அதற்கும் கீழே சணல் துணியின் இழை தெரியும். இருபது வருஷமாகத் தொங்யோங் ஊரில் சிப்பி பதிக்கிறவளுக்கு இதுகூடத் தெரியாதா? இந்தக் குழியின் அடியோ மூடியின் மற்ற இடங்களைப் போலவே கறுப்பாக, வழவழவென்று மெருகேறியிருந்தது. இங்கே எந்தச் சிப்பியும் எப்போதும் இருந்ததில்லை. யாரோ வேலை மெனக்கெட்டு ஒரு குழியை ஒதுக்கி, அதற்கும் ஏழெட்டுப் பூச்சு அரக்குப் பூசி, காலியாகவே விட்டிருக்கிறார்கள்.

மூடியில் தண்ணீர்மேல் கிளை தொங்கும் ஒரு மரம், கரையில் ஒரு பெண். எல்லாம் சிப்பி. பெண்ணின் நீட்டிய கையில் நான்கு விரல்களும் எதையோ பிடித்திருப்பதுபோல் மடங்கியிருந்தன. அந்த விரல்களுக்குக் கீழேதான் குழி. ஒரு பிள்ளையின் வடிவம்.

"என்னம்மா, முடியுமா முடியாதா?" என்றாள் கப்பல்காரர் வீட்டு ப்யோ அம்மாள், குடையைக்கூட மடக்காமல். "கல்யாணத்துக்கு வைக்கற பெட்டி, ஓட்டையா வைக்க முடியாது. உன்னால ஆகாட்டி சொல்லிடு, மேட்டுத்தெரு ஆம்பளைங்ககிட்ட குடுத்துக்கறேன். பொம்பள அறுப்புவாள் பிடிச்சா கோடு கோணும்னு அவங்களே சொன்னாங்க."

"கோணிச்சுன்னா உங்க வாசல்ல வந்து அந்தச் சிப்பிய நானே தின்னுட்டுப் போறேன். வெச்சுட்டுப் போங்க."

பசை இல்லாததை அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால், வேலை தெரியாதவள் சாக்குச் சொல்கிறாள் என்று தெருவே சிரிக்கும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவள் சொல்லவில்லை. அகம்பாவம்தான், அதற்கு வேறு பெயர் கிடையாது.

பிள்ளைக்கு ஒரு ஜாடை வேண்டியிருந்தது. கதவோரம் குந்தி உட்கார்ந்து நெத்திலி தின்றுகொண்டிருந்த மகள் தல்லேயைப் பார்த்தே வரைந்தாள். ஏழு வயசு, ஒற்றைப் பின்னல், முன்னால் துருத்திய வயிறு. புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு உயிர்தான். மயிர்போன்ற அறுப்புவாளால் மெல்லிய சிப்பியை அறுத்தெடுத்தாள். குழியில் வைத்துப் பார்த்தபோது பின்னலின் நுனிகூட இடிக்கவில்லை. அளவே எடுக்கவில்லையே என்று ஒரு கணம் தோன்றியது.

பதிக்கும் முன்னால் சிப்பியின் முதுகை நாக்கால் நக்குவது இந்தத் தொழிலில் வழக்கம். எச்சில் பட்டால்தான் பசை இளகிப் பிடிக்கும், வெறும் தண்ணீர் சரிப்படாது. எத்தனையோ ஆயிரம் சிப்பி நக்கிய நாக்கு அவளுடையது. சிப்பி உப்புக் கரிக்கும், சில்லென்று இருக்கும். இது வெதுவெதுப்பாக இருந்தது. தூங்கும் பிள்ளையின் நெற்றி வியர்வையை முத்தத்தில் ருசித்ததுபோல் இருந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு, சிப்பியைப் பசை தடவிய குழியில் வைத்து, சூடேற்றிய இரும்பால் அழுத்தினாள்.

"அம்மா, முதுகு சுடுது!" பக்கத்து அறையிலிருந்து தல்லே கத்தினாள்.

மழை ஈரம் போகட்டும் என்று காலையில் தரையைச் சூடாக்க அதன் அடியில் அடுப்பு மூட்டியிருந்தாள். "தள்ளிப் படுடி," என்றாள்.

மறுநாள் முற்பகல் அரக்குப் பூச கூ அண்ணன் வந்தார். பக்கத்துப் பட்டறைக்காரர், வாய் ஓயாதவர். மூடியைப் பார்த்துச் சிரித்தார். "அட, நம்ம தல்லே! வயிறுகூட விடல தங்கச்சி நீ. வா கண்ணு, மாமா உன்ன இருட்டுல ஒளிச்சு வைக்கறேன்."

அகலத் தூரிகையால் ஒரே இழுப்பு. மரம், தண்ணீர், பெண், பிள்ளை எல்லாம் கறுப்புக்குள் போயின. பதித்ததையெல்லாம் அரக்கால் மூடி, அது இறுகியபின் கரித்துண்டால் தேய்த்துத்தான் சிப்பியை வெளியே கொண்டுவர வேண்டும்.

"அம்மா, ஏன் லைட்ட அணைச்சே?"

மல்சுன் எட்டிப் பார்த்தாள். ஜன்னல் திறந்திருந்தது, பகல் வெளிச்சம் பாயெல்லாம் கிடந்தது. தல்லே அதன் நடுவில் உட்கார்ந்து, கண்ணை அகலத் திறந்து, இரண்டு கையாலும் காற்றைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லை, பயந்திருக்கிறாள், தூங்கினால் சரியாகும் என்றார். சரியாகவில்லை. சாயங்காலத்துக்குள் கால்கள் அசையாமல் போயின. மழை கூரையில் விடாமல் கொட்டியது.

"ஈர மரம் நாறுதும்மா," என்றாள் தல்லே மெதுவாக. "மூச்சு முட்டுது. இங்க ஒரு அத்தை இருக்காங்க. என் கைய பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்கறாங்க. அவங்க கை ரொம்ப சில்லுன்னு இருக்கு."

மல்சுன் மகளின் கையைத் தூக்கிப் பார்த்தாள். மணிக்கட்டில் நான்கு வெள்ளைப் பள்ளங்கள். பிடித்திருக்கும் விரல்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, பள்ளம் மட்டும் இன்னும் ஆழமாகிக்கொண்டிருந்தது.

ஈர மரம். அரக்கு வெயிலில் காயாது, ஈரத்தில்தான் இறுகும். அதற்காகத் தண்ணீர் தெளித்த பலகை அலமாரிக்குள் பெட்டி இருந்தது.

அவள் ஓடிப்போய்ப் பெட்டியை இழுத்தாள். கத்திமுனையைப் பிள்ளை இருந்த இடத்தின் ஓரத்தில் கொடுத்து நெம்பினாள். அடுத்த அறையில் அலறல். திரும்பி ஓடினாள். தல்லேயின் தோள் ஓரத்தில் தோல் நகம்போல் கிளம்பி நின்றது. அடியில் ரத்தம்.

சத்தம் கேட்டு வந்த கூ அண்ணன் கத்தியைப் பிடுங்கினார். "பைத்தியமா உனக்கு? இன்னும் மூணு நாளாவது இறுகணும். பொறுத்தார் பூமி ஆள்வார்னு சும்மாவா சொன்னாங்க?" அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சிரித்தார். பிறகு பிள்ளையின் மணிக்கட்டைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் மழையில் இறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவர் பட்டறை திறக்கவில்லை.

மூன்று நாள் அவள் மகளின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கஞ்சியைத் துணியில் நனைத்து உதட்டில் பிழிந்தாள். தன் நாக்கை அறுத்தெறிய வேண்டும் போலிருந்தது. நக்கி, ஒட்டி, பிள்ளையை அந்தக் கையில் கொடுத்துவிட்டாளே.

நான்காம் நாள் காலை. அரக்கில் நகம் வைத்துப் பார்த்தாள். தடம் விழவில்லை. கரித்துண்டைத் தண்ணீரில் நனைத்தாள்.

தேய்த்தாள்.

"எரியுதும்மா."

"இன்னும் கொஞ்சம்டா தங்கம். அம்மா உன்ன வெளிய எடுத்துடறேன்."

கறுப்புத் தண்ணீர் விரலிடுக்கில் வழிந்தது. முதலில் பாவாடை ஓரம் தெரிந்தது. பிறகு வயிறு. பிறகு பின்னல். சிப்பியின் தடிமன் ஒரு மயிரளவு. ஓர் இழுப்பு அதிகமானால் சிப்பியே போய்விடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்தாள். பக்கத்து அறையில் அழுகை. அழுகை விக்கலாயிற்று. கடைசியாக முகம். ஓர் அரிசிமணி அளவுதான். கறுப்பு விலகியது. பச்சையும் ரோஜாவுமாகப் பளபளத்தது.

விக்கல் நின்றது.

"தல்லே?"

பதில் இல்லை. மழை மட்டும்.

"தல்லே!"

போய்ப் பார்த்தாள்.

முகம் பளபளவென்று இருந்தது. பச்சையும் ரோஜாவும். வழவழவென்று. கண் இல்லை. மூக்கு இல்லை. வாய் இல்லை. அதன் கீழே மார்பு மட்டும், கரையில் போட்ட மீனாய்த் துள்ளிக்கொண்டிருந்தது. காற்றுக்கு.

கண்ணையும் வாயையும் அவள் எப்போதும் கடைசியில்தான் ஊசியால் கீறுவாள். எல்லாரும் அப்படித்தான்.

ஊசி. பெட்டியிடம் ஓடினாள். ஊசி எங்கே. டப்பா கவிழ்ந்தது. எடுத்தாள். முதலில் வாய். அரிசிமணி முகத்தில் ஒரு கோடு. கை நடுங்கியது. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு, கீறினாள்.

அடுத்த அறையில் ஒரு மூச்சு உள்ளே இழுபட்டது. பிறகு அலறல். உயிர் இருக்கிறது. சிப்பியின் கோட்டில் ஒரு சிவப்புப் பொட்டு துளிர்த்தது.

"கண்ணு வேணாம்மா!"

மல்சுன் ஊசியை அப்படியே நிறுத்தினாள்.

"அம்மா, கண்ணு மட்டும் போடாதே! அத்தை கிட்ட வந்துட்டாங்க. குனிஞ்சு என் முகத்துகிட்டயே இருக்காங்க. நான் பாக்கணுமாம். நான் பாக்க மாட்டேம்மா!"

"போட மாட்டேன். போடவே மாட்டேன்டா."

ஊசியை மேலே எடுக்கப் பார்த்தாள். கை மேலே வரவில்லை.

சில்லென்று இருந்தது. அவளுடைய மணிக்கட்டில் நான்கு வெள்ளைப் பள்ளங்கள் விழுந்து, மெதுவாக ஆழமாகிக்கொண்டிருந்தன. கை தானாகக் கீழே போயிற்று. இழுத்தாள். அந்தக் கையைப் பல்லால் கடித்துப் பார்த்தாள். அது நிதானமாக, கொஞ்சமும் நடுங்காமல் இறங்கியது. இருபது வருஷத்தில் ஒருநாள்கூட அவள் கை இவ்வளவு திடமாக இருந்ததில்லை. ஊசிமுனை பிள்ளையின் இடது கண் இருக்கவேண்டிய இடத்தில், இம்மி பிசகாமல், அழுந்தியது.