மூன்று வெள்ளைக் கோட்டுகள்

மாலை நாலரை மணிக்கு அந்தக் குடியிருப்பின் மொட்டைமாடியில் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் எல்லாரும் இருப்பார்கள்.

வீட்டுக்கு ஒரு துணிக்கொடி. இரண்டாம் மாடி பஸ் கண்டக்டர் நீலச் சட்டையாகத் தொங்குவார். காற்று புகுந்ததும் தொந்தியோடு நிமிர்வார். வாயே திறக்காத வக்கீல் அத்தை, கறுப்பு அங்கியாகிப் பறக்கப் பார்ப்பார். இரட்டையர்களின் குட்டிக் கால்சட்டைகள் ஒன்றையொன்று உதைத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நிற்பதால்தான் அந்தச் சிறுமிக்குக் ‘கனவு’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். பத்து வயது. மாலையில் துணி எடுப்பது அவள் வேலை.

"நம்ம துணியை மட்டும் எடுத்துட்டு வா. அங்கேயே நின்னுடாதே!" என்று அம்மா சொல்லித்தான் அனுப்பினாள்.

நின்றுவிட்டாள். மூக்கு நுனியில் ஒரு சொட்டு விழுந்தபோதுதான் வானம் இருட்டிக் கிடப்பது தெரிந்தது.

மற்றவர்கள் நனைவார்களே! ஓடினாள். உருவினாள், அள்ளினாள், படிக்கட்டில் கொட்டினாள். மறுபடி ஓடினாள். கிளிப்புகள் நாலாபக்கமும் தெறித்தன.

"அடிப்பாவி, எல்லாத்தையும் கலந்துட்டியா?" மூச்சு வாங்க ஏறி வந்தாள் முதல் மாடி நர்ஸ் அக்கா. "என் வெள்ளைக் கோட்டு எங்கேடா செல்லம்? இன்னிக்குத்தான் முதல் நாள் டூட்டி. அஞ்சு மணிக்கு பஸ்!"

குவியலைக் கிளறினால் வெள்ளைக் கோட்டு மூன்று. ஒன்று அக்காவுடையது, ஒன்று பேக்கரி மாமாவுடையது, ஒன்று வேதியியல் சாருடையது.

"இதுல எது உங்களுது, அக்கா?"

"தெரியலையே! நேத்துதான் கொடுத்தாங்க. அலசிக் காயப்போட்டதோட சரி, போட்டுக்கூடப் பார்க்கலை." அக்காவின் குரல் கம்மியது. "முதல் நாளே யாரோட கோட்டையோ மாட்டிட்டுப் போனா என்ன நினைப்பாங்க?"

கனவு படியில் உட்கார்ந்தாள். ஒரு கோட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ‘நீ யாரு?’ என்று மனசுக்குள் கேட்டாள்.

பைக்குள் விரல் விட்டால், கல்லாகக் காய்ந்த மாவு உருண்டை. பேக்கரி மாமா!

அடுத்த கோட்டின் கை முழுக்க ஊசி ஊசியாக ஓட்டைகள். அமிலம் தெறித்திருக்கிறது. வேதியியல் சார், வேறு யார்?

மூன்றாவது கோட்டு எதுவும் சொல்லவில்லை. கறை இல்லை, கிழிசல் இல்லை.

"இதுதான்கா உங்களுது. இதுக்கு இன்னும் ஒண்ணுமே நடக்கலை."

அக்கா அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, கோட்டை மாட்டியபடியே படியில் ஓடினாள். கொஞ்ச நேரத்தில் பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. அக்கா திரும்பி வரவில்லை; பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். கனவுக்கு மூச்சு வந்தது.

அதற்குள் படிக்கட்டு நிறைய ஆட்கள். "இந்தக் கால்சட்டை எனக்குப் பத்தாதுங்க" என்று இரட்டையர்களின் குட்டிக் கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக் கண்டக்டர் சொல்ல, வக்கீல் அத்தைகூடச் சத்தம் போட்டுச் சிரித்தார்.

அம்மாவும் வந்தாள். "எல்லார் துணியும் இருக்கு. நம்மளது எங்கேடி?"

கனவு மெல்ல மேலே பார்த்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவர்கள் கொடி மட்டும் கொட்டும் மழையில் ஆடிக்கொண்டிருந்தது.

"நாளைக்குப் பள்ளிக்கூடச் சீருடை!" என்று அம்மா தலையில் கை வைத்தாள்.

"பிழிஞ்சு குடுங்கக்கா" என்றார் பேக்கரி மாமா. "எங்க அடுப்புப் பக்கத்துல போட்டா, காலையில மொறுமொறுன்னு இருக்கும்."

மறுநாள் முதல் பீரியடிலேயே பக்கத்து இருக்கைக்காரி காதைக் கடித்தாள். "ஏய், பன் வெச்சிருக்கேதானே? பாதி குடுடி."

கனவு பெருந்தன்மையாகத் தன் சட்டைக் கையை நீட்டினாள். "மோந்து பார்த்துக்கோ."