கழுதை நக்கிய கசிவு

புத்தளத்துக் கழுதை ஒன்று, கதிரியக்கக் கசிவை நக்கியே நிறுத்தியது.

சத்தியம். நம்பாதவர்கள் கொழும்பு காலிமுகத்திடலில் இறால் வடை தின்னப் போகலாம்.

"கசியுது... கிட்ட வராதீங்க!"

புத்தளம் ரயில் நிலையமே அதிர, அலறியவர் நிலுக்சன். கதிரியக்கச் சரக்கைக் கொண்டுவந்த கம்பனியின் பாதுகாப்பு நிபுணர். கொதிக்கும் வெயிலில் கோட்டுப் போட்ட மேதை! கையிலிருந்த கதிர்மானி கீச் கீச்சென்று கத்தியது.

சரக்கு ரயில் வண்டியில் இருந்த ஈயக் கொள்கலனின் மூலையில் வெடிப்பு. மோதல் பட்டால் நிறம் மாறும் வில்லை சிவந்திருந்தது. வெள்ளையாய் ஏதோ தரையில் கொட்டியது...

"எஞ்சினக் கொண்டுவந்து மோதினவன் இவன்தான்." இன்ஸ்பெக்டர் கைருன்னிஸாவிடம் முறையிட்ட நிலுக்சனின் விரல், எஞ்சின் டிரைவர் இஸ்ஸதீனைக் குத்தியது. "உள்ள போடுங்க. பெட்டிய இப்பவே நடுக்கடல்ல தாட்டிருவம்."

"மிஸ், மெல்லத்தான் முட்டின. இருபது தொன் ஈயம் அசையவும் ஏலா. இது பிஸ்கட் டின் மாதிரி பாய்ஞ்சிச்சி," என்றான் இஸ்ஸதீன்.

"சிவந்த வில்லை பொய் செல்லுமா?" கைருன்னிஸா விலங்கை எடுத்தாள்.

அப்போது வந்தார் கதாநாயகர்.

நான்கு கால், நீண்ட காது. ஊருக்கே சொந்தக்காரர் போல் தெருவில் அலையும் நம்மூர்க் கழுதை!

கசிவுக்குப் பயந்து பொலிஸ் ஓடியது. நிபுணர் ஓடினார். கழுதை மட்டும் கொட்டியதை நக்கியது.

"சாகப் போகுது," என்றாள் கைருன்னிஸா, தூரத்துத் தூணுக்குப் பின்னால் நின்று.

சாகவில்லை. ருசித்தது. இன்னும் இரண்டு உறவுக்காரர்கள் வந்தார்கள்.

"மிஸ், இதுகள் இப்படி நக்குற ஒரே சாமான்..."

"கழுதைட சாட்சிய கோட்டுல செல்ல ஏலுமா? உமக்குப் பைத்தியமா?"

இஸ்ஸதீன் நடந்துபோய் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தான்.

"உப்பு."

நிலுக்சன் வாசலைப் பார்த்துப் பாய்ந்தார். குறுக்கே கழுதை. பின்னங்காலால் ஓர் உதை! கொள்கலனுக்கு விழுந்ததைவிடப் பெரிய அதிர்ச்சி.

அசல் கொள்கலன் உப்பளத்துக் குவியலுக்கு அடியில், விற்கத் தயாராக இருந்தது. போலி கடலுக்குள் போனால் திருட்டே வெளியில் தெரியாது என்பது திட்டம். போலிப் பெட்டியை நிரப்ப, பக்கத்தில் கிடந்ததையே அள்ளிக் கொட்டியிருந்தார் மேதை. கதிர்மானியோ, பொத்தானை அமத்தினால் கத்தும் விளையாட்டுச் சாமான். நம்மூர்க் கழுதைகளை விசாரிக்க மட்டும் மறந்துவிட்டார்.

இஸ்ஸதீனுக்கு எடுத்த விலங்கு நிலுக்சனுக்கு மாறியது.

நீதிமன்றத்தில் நீதவான் கண்ணாடியைக் கழற்றினார்.

"கழுதை நக்கித்தான் கண்டுபிடிச்சதா? உண்மையாவா?"

கைருன்னிஸா சாட்சிக் கூண்டில் நிமிர்ந்து நின்றாள்.

"ஓம், சேர். மூளையுள்ள நாங்க எல்லாம் ஓடிட்டோம்."