மூன்றாம் அழைப்பு

மேற்கே கருமலைக் கணவாயின் இடுக்கில் கதிரவன் மெல்ல இறங்கிக்கொண்டிருக்க, கிழக்கே மணியாற்றின் நீர்ப்பரப்புக்கு மேல் முழுநிலா முகம் காட்டத் தொடங்கிய அந்த இனிய அந்திப்பொழுதில், ஆற்றங்கரை மணல்வெளியில் வேட்டகநாட்டின் மாபெரும் படை அணிவகுத்து நின்றது. மாபெரும் படை என்று சொன்னதற்காக வாசகர்கள் நம்மை மன்னிக்க வேண்டும். அரண்மனைப் புலவர்கள் அப்படித்தான் பாடினார்கள். முன்னணியில் நின்ற போர்யானைகள் திருவிழா உலாக்களில் நடந்து நடந்து, மேளம் கேட்டால் மண்டியிடவும் வாழைப்பழத்துக்குத் துதிக்கை நீட்டவும் மட்டுமே பழகியவை. குதிரை வீரர்களில் பாதிப்பேர் அமைச்சர்களின் மருமக்கள். குதிரைக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்பதில் அவர்களுக்கு ஐயம் இருந்ததில்லை. அந்த அளவுக்குத் தேர்ச்சி பெற்றிருந்தார்கள்.

இதே படைக்கு ஒரு காலத்தில் மானம் இருந்தது. முதல் வேட்டரையர் நாளில் கணவாய் வழியே கொள்ளைக்கூட்டம் இறங்கியபோது, ஏரை வயலிலேயே விட்டுவிட்டு வில்லெடுத்து ஓடிய உழவர்கள்தாம் அதன் முதல் வீரர்கள். வீரர் உண்ட பின்பே தலைவன் உண்பது, போரில் விழுந்தவனுக்குக் கல் நடுவது, அந்தக் கல்லடியில் தலைவனே முதலில் வந்து நிற்பது என்று அவர்கள் வகுத்த வழக்கங்களால்தான் அந்த உழவர் கூட்டம் படையாயிற்று. பிற்காலத்தில் மூலப்படை, கூலிப்படை, காட்டுப்படை என்று பிரிவுகள் பெருகின. பிரிவுகளைவிடப் பட்டங்கள் பெருகின. போர் மட்டும் காட்டுப்படை வில்லாளிகளின் தலையில் விழுந்தது.

அந்தப் பட்டங்களில் பெரும்பகுதியைத் தம் ஒருவர் மேனியிலேயே சுமந்தவர் படைத்தலைவர் விடங்கப் பேரரையர். கணவாய்ப் போர் நடந்த அன்று அவர் வயிற்றுவலி என்று கூடாரத்தில் படுத்துவிட்டார். காட்டுப்படைத் தலைவன் ஆதன் கொற்றன் சில வில்லாளிகளோடு கணவாயை மறித்து நின்று பகைவரைத் துரத்தினான். ஆனால் அவன் திரும்பி வரவில்லை. அவன் வரவில்லை என்று தெரிந்த கணமே பேரரையரின் வயிறு குணமாகிவிட்டது. வெற்றி தம்முடையது என்று முரசறைந்து, அதற்குப் பரிசாக இளவரசி பூதிநங்கையின் கையைக் கேட்டார். "கணவாயைக் காத்தவனுக்கே என் மகள்" என்று மன்னர் வேட்டரையர் சபையில் முன்பே சொல்லித் தொலைத்திருந்தார். கொற்றனையே நெஞ்சில் வைத்திருந்த அந்தப் பெண்ணின் அழுகையால் அரசவாக்கை அசைக்க முடியவில்லை. இன்று நிலா மேலே ஏறியதும் மணமாலை என்று முடிவாகியிருந்தது.

பேரரையருக்கு அதுவும் போதவில்லை. சக்கரவர்த்தியின் தூதர் படையைப் பார்வையிட வந்திருந்தார். கொற்றனுக்காக வில்லாளிகள் செதுக்கி வைத்திருந்த நடுகல், மார்பில் அம்பு தாங்கி நிற்கும் வீரனின் உருவம், பேரரையர் கண்ணில் பட்டது. "இவ்வளவு அழகான கல்லை ஒரு காட்டானுக்கு வீணாக்குவதா?" என்று அதில் தம் பெயரையே வெட்டச் செய்துவிட்டார்!

குழி தயாராக இருந்தது. கல்லில் உள்ள பெயரை உரக்க அழைக்கும் கூவுவோன் ஒருவன், வழக்கப்படி மஞ்சள் துணியால் முகம் மறைத்து, கல்லருகே நின்றான்.

"பேரரையரே, கல் நடும் சடங்கை நீர் முன்பு பார்த்ததுண்டா?" என்று கேட்டாள் பூதிநங்கை.

"செத்தவர்களுக்காக வெயிலில் நிற்பது என் வேலையல்ல, தேவி. அதற்கெல்லாம் சிறிய ஆட்கள் இருக்கிறார்கள்."

"அப்படியானால் இன்று கண்குளிரப் பாரும்."

தூதர் புருவத்தை உயர்த்தினார். "உயிரோடிருப்பவருக்குக் கல்லா? உங்கள் நாட்டு வழக்கம் புதுமையாக இருக்கிறதே!"

"பெருவீரர்களுக்கு மட்டும் அப்படி உண்டு" என்றார் பேரரையர், கூசாமல்.

கூவுவோன் கரகரத்த குரலில் பேசினான்: "சபையோரே! இந்தக் கல்லில் உள்ள பெயரைக் கணவாய் நோக்கி மூன்று முறை அழைப்பேன். பெயருக்குரியவர் உயிரோடிருந்தால் 'இருக்கிறேன்' என்று சொல்லட்டும். சொன்னால் கல் நடப்படாது."

பேரரையர் திடுக்கிட்டார். விடை சொன்னால் தூதரின் கண்ணெதிரே கல்லைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களே! என்னவோ பழைய சடங்கு, வாயை மூடிக்கொண்டிருந்தால் முடிந்துவிடும் என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

"விடங்கப் பேரரையரே!"

பேரரையர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார்.

"விடங்கப் பேரரையரே!"

வாய் சற்றே திறந்தது. தூதர் திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டது. வில்லாளிகளின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"விடங்கப் பேரரையரே!"

நாட்டின் பெருவீரர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றார். கல் குழியில் இறங்கியது. கள் தெளித்து, மயிற்பீலி சூட்டி, வில்லாளிகள் ஒழுங்காக வணங்கினார்கள். அவரோ பெருமிதத்தோடு படையின் பக்கம் திரும்பி, "அணி திரும்புக!" என்று ஆணையிட்டார்.

ஒருவனும் அசையவில்லை.

"செவிடாகிவிட்டீர்களா?"

நரைத்த வில்லாளி ஒருவன் அவரைப் பார்க்காமல், மன்னரைப் பார்த்துச் சொன்னான்: "மூன்றாம் அழைப்புக்கும் விடை தராதவர் இறந்தவர், அரசே. இறந்தவர் ஆணைக்குப் படை நடப்பதில்லை. அதுதான் வழக்கம்."

"தந்தையே, மாலையை யாருக்குச் சூட்டட்டும்? அந்தக் கல்லுக்கா?" என்றாள் பூதிநங்கை.

பல நாள் நோயாளி எழுந்து உட்கார்ந்ததுபோல மன்னர் முகம் தெளிந்தது. "நம் படைத்தலைவர் காலமானார். அவருடைய மறைவுக்கு வருந்துகிறோம்" என்றார் கம்பீரமாக.

"இருக்கிறேன்! இதோ இருக்கிறேன்!" என்று அலறினார் பேரரையர்.

"கேட்டபோது சொல்லியிருக்கலாமே!" என்றாள் பூதிநங்கை. "போகட்டும், கணவாய்க்கு அப்பால் பகைவர் மீண்டும் கூடுகிறார்களாம். கல்லில் உள்ள அம்பை மெய்யாகவே மார்பில் வாங்கி வருகிறீரா? கல் பொய்யாகாமல் இருக்கும்."

பேரரையர் கணவாயைப் பார்த்தார். பழைய வயிற்றுவலி திரும்பி வந்தது. தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு ஆற்றுத்துறைப் பக்கம் நடந்தார். எந்த யானையும் அவருக்காகத் துதிக்கை தூக்கவில்லை.

இளவரசியின் முகத்தில் இருந்த ஏளனம் மறைந்தது. கல்லின் மேல் கை வைத்தவள், "இது ஒருவரிடமிருந்து திருடிய கல். அவர் பெயரையும் அழையும்" என்றாள் கூவுவோனிடம்.

"அந்தப் பெயரை என்னால் அழைக்க முடியாது, தேவி."

"அதற்குள் நீரும் மறந்துவிட்டீரா? நன்று! இந்தப் படையில் நன்றிக்கு மட்டும் ஒரு பிரிவு வைக்க மறந்துவிட்டார்கள். நானே அழைக்கிறேன்."

கணவாய் நோக்கி நின்றாள். "ஆதன் கொற்றரே!" மலை அதைத் திருப்பிச் சொல்லிற்று. "ஆதன் கொற்றரே!" குரல் உடைந்தது. நரைத்த வில்லாளி கண்ணைத் துடைத்துக்கொண்டான். மூன்றாம் முறை அழைத்துவிட்டால் அவர் உண்மையாகவே போய்விடுவார் என்ற அச்சம் அவளைப் பிடித்து உலுக்கியது. தாங்க முடியாத துயரத்தோடு வாய் திறந்தாள்.

"ஆதன் கொற்றரே!"

"இருக்கிறேன்."

விடை கணவாயிலிருந்து வரவில்லை. அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது. மஞ்சள் துணி மணலில் கிடந்தது. மார்பில் பச்சிலைக் கட்டோடு நின்றான் கொற்றன்.

"மலைக்குடிகள் என்னைத் தூக்கிச் சென்று பிழைக்க வைத்தார்கள், தேவி. ஒருவேளை நான் திரும்பிவிட்டால் என்று கோட்டை வாயில்தோறும் பேரரையரின் ஆட்கள் வாளோடு காத்திருந்தார்கள். முகம் மூடி வரும் உரிமை கூவுவோனுக்கு மட்டும்தானே உண்டு? முதல் அழைப்பிலேயே முகம் காட்டிச் சொல்லியிருப்பேன், இந்தத் துணியின் முடிச்சுதான் அவிழ மறுத்தது."

பூதிநங்கை அழுதாள், சிரித்தாள், பிறகு மணமாலையை எடுத்துக்கொண்டு அவன் முன்னே வந்து நின்றாள்.

"இன்னும் ஒரு கணம் தாமதித்திருந்தால், கொற்றரே, உம்மையும் அந்தப் பேரரையர் பக்கத்திலேயே நட்டிருப்பேன்" என்றாள்.