கயிறு கட்டாத கை

இராமலிங்கத்தின் வலது கை போட்ட சட்டைப் பொத்தானை, இடது கை பின்னாலேயே வந்து கழற்றிக்கொண்டிருந்தது. சந்திரகலா பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வருஷம் குடிகாரனோடு மாரடித்தவளுக்குக் கண்ணீர் எப்போதோ வற்றிவிட்டது.

அவன் குடியை விட்டு நாற்பது நாள். கோயில் மலையைப் பார்த்துச் சத்தியம் பண்ணி, அங்கேயே வலது மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொண்டான். அதற்கப்புறம் ஒரு சொட்டுத் தொடவில்லை. இனியாவது இந்த மனுஷன் தனக்குப் புருஷனாகக் கிடைப்பானா? அவளிடம் மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான். ஆனால் பத்து நாளாக அந்த இடது கை யார் பேச்சையும் கேட்பதில்லை. வாய்க்குப் போகிற சோற்றைத் தட்டிவிடுகிறது.

ஸ்கேன் சென்டர் முழுக்க பினாயில் வாடை. அவனை உள்ளே கூட்டிப்போன டெக்னீஷியன் சிந்துஜா கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, அந்தக் கை ஆடிக்கினே இருக்குது, படம் சரியா வுழல. உள்ள வந்து புடிச்சுக்கோங்க. நகையெல்லாம் கழட்டிடுங்க."

"தாலியுமா?"

"அதுவும்தான்க்கா."

கைக்குட்டையில் முடிந்து பையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். ஏசிக் குளிர் எலும்பில் இறங்க, மிஷின் தடதடவென்று மண்டையில் அடிக்க, அவன் படுத்திருந்த கூண்டுக்கு வெளியே நீண்டிருந்த அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் தூங்கிப்போனான். கை தூங்கவில்லை. அவள் உள்ளங்கைக்குள் அதன் விரல்கள் மெதுவாக, முடிச்சுப் போட்டுப் பழகுவதுபோல் அசைந்துகொண்டிருந்தன.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். மூளையின் நடுவே ஒரு வெள்ளைப் பட்டை. அதற்குள் கறுப்பு.

"ரெண்டு பக்க மூளையையும் சேக்குற பாலம்மா இது. குடியால நடுவுல செத்துப்போச்சு. ரொம்ப அபூர்வம். வலது கை பண்றது இடது கைக்குத் தெரியாது. அந்தக் கைகிட்ட ஜாக்கிரதையா இருங்க."

தலையாட்டினாள். ஒன்றும் உறைக்கவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் வெறுங்கழுத்து உறுத்தியது. கழற்றிய தாலியைப் புருஷன் கையால்தான் திரும்பக் கட்டிக்கொள்ள வேண்டும். அவள் வீட்டு வழக்கம் அது.

"என்னாங்க, கட்டி வுடுங்க."

"திரும்பு சந்திரா."

எத்தனை வருஷமாச்சு, அவன் இப்படி ஆசையாகப் பேர் சொல்லி! டாக்டர் சொன்னது மறந்தே போனது. முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள்.

மஞ்சள் கயிறு கழுத்தில் விழுந்தது. ஒரு முடிச்சு. அவிழ்ந்தது. மறுபடி ஒன்று. அதுவும் அவிழ்ந்தது.

பிறகு இறுகியது.

"என்னாங்க..."

இன்னும் இறுகியது.

"வுடுங்க..."

"மூணு முடிச்சும் போட்டாச்சே," என்றான். குரலில் அத்தனை பாசம்.

எதிர்க் கண்ணாடிக் கதவில் இருவரும் தெரிந்தார்கள். அவன் சிரித்த முகமாக இருந்தான். கோயில் கயிறு கட்டிய வலது கை அவள் தலையை வருடிக்கொண்டிருந்தது. இடது கை, அவள் பிடரிக்குப் பின்னால், தாலிக் கயிற்றை நிதானமாக முறுக்கிக்கொண்டிருந்தது.