மூன்று அங்குலப் பொய்

அந்தத் தெருவில் அவளுடைய நிஜப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. டேப்பு என்றால்தான் தெரியும். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அவளுடைய இடுப்பில் எந்நேரமும் ஓர் அளவு டேப் தொங்கும். கதவு, ஜன்னல், பக்கத்து வீட்டுப் பூனை, எதையும் விட்டுவைக்க மாட்டாள். "டேப்பு அளந்தா சரியாத்தான் இருக்கும்" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அவளுக்குத் தலைகால் புரியாது.

அவளுடைய அம்மா பிக்கப் வண்டி ஓட்டுகிறார். பழைய வண்டி. ஏழெட்டு மூட்டை ஏற்றினாலே பின்பக்கம் தொபுக்கென்று உட்கார்ந்துவிடும், மூக்கு வானத்தைப் பார்க்கும். முன்விளக்கின் வெளிச்சம் சாலையில் விழாமல் மரக்கிளையில் விழும். "அக்கா, காக்காவுக்கு லைட் காட்டறீங்களா?" என்று தெருப் பிள்ளைகள் கேலி செய்வார்கள்.

பின்சக்கரங்களுக்கு மேலே இரும்புப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய ஸ்பிரிங்குகள் இருக்கும். சுமையைத் தாங்குபவை அவைதான். வில் போல வளைந்திருக்க வேண்டிய அந்தப் பட்டைகள் வருஷக்கணக்கில் சுமந்து சுமந்து தட்டையாகிப் போயிருந்தன.

திங்கட்கிழமை காலையில் தச்சுப் பட்டறையிலிருந்து டேப்புவின் பள்ளிக்கு நாற்பது பெஞ்சுகளைக் கொண்டுபோகும் வேலை அம்மாவுக்குக் கிடைத்திருந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமையே இருவரும் ஸ்பிரிங் பட்டறைக்குப் போனார்கள். திரும்பும்போது பின்வீட்டுக் கட்டட வேலைக்குச் சிமெண்டு மூட்டைகளும் ஏற்றி வர வேண்டியிருந்தது.

பட்டறை நடத்துபவரை டேப்பு 'ஸ்பிரிங் மாமா' என்று கூப்பிடுவாள். அவர் வண்டிக்கு அடியில் படுத்து, பழைய பட்டைகளைக் கழற்றிப் போட்டார். ஒரு பட்டையில் விரிசலே விட்டிருந்தது. பக்கத்துக்கு ஐந்து பட்டை இருந்த இடத்தில் ஏழு புதுப் பட்டைகளைப் பொருத்தி, போல்ட்டுகளை முறுக்கி, ஜாக்கியை இறக்கினார். வண்டி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு கம்பீரமாக நின்றது.

"தங்கச்சி, இனிமே ஒரு டன் ஏத்தினாலும் மூக்கைத் தூக்காது" என்றார் மாமா, அம்மாவிடம். "ஆமா, உங்க ஷெட்டு வாசல் எவ்வளவு உயரம்? தார்ப்பாய் கட்டற கம்பிச் சட்டம் மேல இடிச்சிடப் போகுது."

"ஏழடி ரெண்டு இஞ்ச்!" என்றாள் டேப்பு, டக்கென்று.

"அடேயப்பா! சரி, மூட்டை ஏத்தறதுக்கு முன்னாடி நீயே அந்தச் சட்டத்தோட உயரத்தையும் அளந்து சொல்லிடு. வெறும் வண்டிதான் உயரமா நிக்கும். இடிக்கும்னா சட்டத்தை இப்பவே வெட்டிக் குறைச்சுத் தர்றேன்."

டேப்பு தலையை ஆட்டினாள். ஆனால் அந்த நேரம் பார்த்து பட்டறை நாய் வந்து நின்றது. அவ்வளவு நீளமான வாலை அவள் பார்த்ததே இல்லை. வாலை அளக்கப் போனால் நாய் ஆட்டிக்கொண்டே இருந்தது. நாய் ஆட்டுவதை நிறுத்தியபின் அவள் பதினான்கு அங்குலம் என்று கண்டுபிடித்துத் திரும்பியபோது, எதிர்க்கடையிலிருந்து இருபது சிமெண்டு மூட்டைகள் வண்டியில் ஏறிவிட்டிருந்தன.

அவசர அவசரமாக வண்டிமேல் ஏறிச் சட்டத்தின் உச்சியிலிருந்து டேப்பைத் தொங்கவிட்டாள். ஏழடி ஓர் அங்குலம்.

"அளந்துட்டியா?" என்றார் அம்மா.

"ஏழடி ஒரு இஞ்ச். ஷெட்டுக்குள்ள தாராளமா போகும்."

"வெறும் வண்டியிலதானே அளந்தே?"

இல்லை என்று சொன்னால் இருபது மூட்டையையும் இறக்கி ஏற்ற வேண்டும்.

"ஆமாம்மா" என்றாள் டேப்பு.

மழை வரும் போலிருந்ததால், சிமெண்டு நனையாமலிருக்க வண்டியை நேராக வீட்டு ஷெட்டுக்குள் விட்டார் அம்மா. ஓர் அங்குல இடைவெளியில் வண்டி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. பின்வீட்டில் கட்டட வேலை செய்பவர்கள் வந்து மூட்டைகளைத் தூக்கிப் போனார்கள். டேப்பு நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் காலை அம்மா வண்டியைப் பின்னால் எடுத்தார்.

டமார்!

கம்பிச் சட்டம் வாசலின் குறுக்குக் கட்டையில் மோதி நின்றது. சுமை இறங்கியதும் வண்டி மூன்று அங்குலம் எழும்பியிருந்தது. உள்ளே போன வண்டி இப்போது எலிப்பொறியில் மாட்டிய எலி மாதிரி நின்றது. அந்தக் கட்டைதான் கூரையைத் தாங்குகிறது, அதில் கை வைக்கவும் முடியாது.

என்ன நடந்தது என்று டேப்புவுக்கு உடனே புரிந்துவிட்டது. அம்மாவுக்குப் புரியவில்லை.

"ஏழடி ஒரு இஞ்ச்னு இவ சரியா அளந்திருக்காளே! அந்த ஆளு ஏதோ தப்பு பண்ணியிருக்கார்" என்று போனை எடுத்தார். "அண்ணா, என்ன வேலை பார்த்து வச்சிருக்கீங்க? எட்டரைக்கு பெஞ்சு பள்ளிக்கூடத்துல இருக்கணும். பட்டையைக் கூடுதலா போட்டுட்டீங்களா? இப்படியா பொறுப்பில்லாம வேலை செய்வாங்க?"

பொறுப்பில்லாமல் என்ற சொல் டேப்புவின் காதில் ஆணி மாதிரி இறங்கியது. இடுப்பிலிருந்த டேப்பின் நுனியை விரலில் சுற்றினாள்.

பத்து நிமிடத்தில் ஸ்பிரிங் மாமா ஓட்டமும் நடையுமாக வந்தார். சட்டையில் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தார். கையில் கனமான இரும்புப் பெட்டி. வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏழுதான் போட்டேன். எண்ணித்தான் போட்டேன்" என்று முணுமுணுத்தார். "என்னமோ தெரியல, வளைவு ஜாஸ்தியான பட்டையை எடுத்துட்டேன் போல. தப்பு என்னோடதுதான் தங்கச்சி. ரெண்டு ரெண்டு பட்டையைக் கழட்டிடறேன்."

"கழட்டினா மறுபடி உட்கார்ந்திடுமே. நாற்பது பெஞ்சை எப்படி ஏத்தறது?"

மாமா வண்டிக்கு அடியில் நுழைந்தார். ஸ்பேனர் உரசும் சத்தம் கேட்டது. செய்யாத தப்புக்கு ஒரு பெரிய மனிதர் மண்ணில் படுத்துக் கிடக்கிறார். டேப்புவுக்கு அவமானத்தில் காது மடல்கூடச் சுட்டது.

"மாமா, கழட்டாதீங்க!" என்று கத்திவிட்டாள். "உங்க மேல தப்பே இல்ல. நான்தான்... மூட்டை ஏத்தினப்புறம் அளந்தேன். அம்மா கேட்டப்போ பொய் சொல்லிட்டேன்."

ஸ்பேனர் சத்தம் நின்றது.

அம்மா அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் குனிந்து, வண்டிக்கு அடியில் இருந்தவரிடம், "அண்ணா, என்னை மன்னிச்சிடுங்க. கேக்காம கொள்ளாம கத்திட்டேன்" என்றார். தனக்காக அம்மா மன்னிப்புக் கேட்பதைப் பார்க்க முடியாமல் டேப்பு தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது.

மாமா வெளியே வந்து மண்ணைத் தட்டிவிட்டார். "நல்லவேளை. எனக்கு வேலையே மறந்துபோச்சோன்னு பயந்துட்டேன்" என்றார். கோபமாகச் சொன்ன மாதிரியும் இல்லை, சிரித்துச் சொன்ன மாதிரியும் இல்லை.

டேப்பு முகத்தைத் துடைத்துக்கொண்டு குறுக்குக் கட்டையைப் பார்த்தாள். மூட்டை இருந்தபோது வண்டி உள்ளே வந்தது. அப்படியென்றால் மூட்டை இருந்தால் வெளியேயும் போகும். பின்வீட்டுக்கு ஓடினாள். சிமெண்டு அறை பூட்டியிருந்தது, வேலையாட்கள் பத்து மணிக்குத்தான் வருவார்களாம்.

மூட்டை இல்லாவிட்டால் என்ன? எடை வேண்டும், அவ்வளவுதானே?

"அம்மா, ஆளுங்களை ஏத்தலாம்! பின்னால உட்கார்ந்தா வண்டி இறங்கும். வாசலைத் தாண்டினதும் இறங்கிக்கலாம்."

அம்மாவும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "போய்க் கூட்டிட்டு வா" என்றார் அம்மா. "ஏன், எதுக்குன்னு கேட்டா நீதான் பதில் சொல்லணும்."

அதுதான் கஷ்டம். எல்லாரும் கேட்டார்கள்.

"நான் தப்பா அளந்துட்டேன். அப்புறம் பொய் சொல்லிட்டேன். அதனால வண்டி மாட்டிக்கிச்சு" என்று முதலில் தையல்கார அக்காவிடம் சொன்னபோது குரலே எழும்பவில்லை.

"என்னது? சத்தமா சொல்லும்மா!"

மறுபடி சொன்னாள். பேக்கரிக்காரரிடம் சொன்னாள். "நீயா? தப்பா அளந்தியா?" என்று அவர் வாயைப் பிளந்தார். பேருந்துக்குக் காத்திருந்தவர்களிடம் சொன்னாள். காக்காவைச் சொல்லிக் கேலி செய்யும் பிள்ளைகளிடமும் சொன்னாள். ஒவ்வொரு முறையும் முகம் சிவந்தது. ஆனாலும் ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை.

பதினாறு பேர் ஏறி நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். டேப்பு வெளியே நின்று சட்டத்தின் உச்சியைப் பார்த்தாள். இன்னும் ஒரு நூலளவு உயரமாகவே இருந்தது.

"யாராச்சும் காலையில இன்னொரு வாய் சாப்பிட்டிருக்கலாம்!" என்றார் பேக்கரிக்காரர்.

ஸ்பிரிங் மாமா இரும்புப் பெட்டியோடு ஏறி ஓரமாக உட்கார்ந்தார். வண்டி இன்னும் கொஞ்சம் இறங்கியது.

"வாங்கம்மா! மெதுவா! இன்னும்... இன்னும்..." என்று டேப்பு கைகாட்டினாள்.

வண்டி நத்தை போலப் பின்னால் நகர்ந்தது. சட்டம் கட்டைக்கடியில் உரசாமல் வெளியே வந்தது. பதினாறு பேரும் கைதட்டினார்கள்.

மாமா கடைசியாக இறங்கினார். "சாயங்காலம் பட்டறைக்கு வாங்க. சட்டத்தைக் குறைச்சுத் தர்றேன்" என்றார்.

"மாமா, என்னை மன்னிச்சிடுங்க" என்றாள் டேப்பு.

"மன்னிச்சாச்சு. ஆனா பயந்ததுல பல்லு விளக்காமலேயே ஓடி வந்துட்டேன்" என்று வாயைப் பொத்திக்கொண்டு போனார்.

தச்சுப் பட்டறையில் பெஞ்சுகளை ஏற்றிக்கொண்டார்கள். வண்டி மூக்கைத் தூக்கவில்லை, நிமிர்ந்தே ஓடியது. அம்மா மட்டும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"அம்மா, கோபமா?"

"கோபந்தான்."

"எவ்வளவு நேரம் இருக்கும்?"

அம்மா சாலையைப் பார்த்தபடியே யோசித்தார். அவருடைய உதட்டோரம் லேசாகத் துடித்தது.

"கடைசி பெஞ்சை இறக்கற வரைக்கும்."

அன்று பள்ளிக்கூட வாசலில் டேப்பு பெஞ்சு இறக்கிய வேகத்தைப் பார்த்துத் தலைமை ஆசிரியரே ஒதுங்கி வழிவிட்டார்.