முந்தி வந்த பதில்

பால் விடாத பிளேன்டி வேண்டுமென்று றிஸ்மி இன்னும் கேட்கவில்லை. அதற்குள் குசினியிலிருந்து ஸம்றா, "ஓம், ஊத்துறன்" என்றாள். பெண்சாதிக்குப் புருஷனின் மனம் தெரியாதா என்று சிரித்துக்கொண்டான். சீனியைக் குறைக்கச் சொல்ல நினைத்தான். "குறைச்சுத்தான் போட்டிருக்கன்" என்று குரல் வந்தது. இந்த முறை சிரிப்பு வரவில்லை.

அஸர் தொழுதுவிட்டு வந்து லெப்டொப்புக்கு முன்னால் குந்தியவன் அவன். நிந்தவூர்ப் பள்ளிவாசல் ஒன்றின் தொழுகை நேரப் பலகையில் பழைய சிப் செத்துப்போக, அந்தச் சிப்பைப் போலவே நடக்கும் எமுலேட்டர் ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தான். பலகை நாளுக்கு அரை நிமிஷம் பிந்தியது. நோன்புக்கு ஒன்பது நாள்தான் கிடக்கிறது, அதற்குள் சரிபண்ணு என்று பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைத் தலைவர் ஜவுபர் ஹாஜியார் சொல்லிவிட்டார்.

பிழை அவனுடையதுதான். நேரத்தை எண்ணும் டைமரின் டிக்குகளை மைக்ரோ செக்கனாக்கி, மில்லி செக்கனாக்கி, மறுபடி டிக்காக்கும் சுற்றுவழி. ஒவ்வொரு தடவையும் மிஞ்சுகிற நேரத் துளியை வேண்டுமென்றே வெட்டி எறிந்திருந்தான். பிந்தி நோன்பு திறந்தால் பழுதில்லை, முந்தித் திறந்தால் ஊருக்கே நோன்பு முறிந்துவிடும் என்ற பயம். இன்று பகல் அந்த மாற்றங்களையெல்லாம் அழித்து, டிக்கை டிக்காகவே எண்ண விட்டான். நாற்பது வரி மூன்று வரியானது.

இப்போது திரையின் மணிக்கூடு சுவர் மணிக்கூட்டை விட இருபது செக்கன் முந்தியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கவே நாற்பதானது. குசினியில் சூடான எண்ணெயில் மீன் விழுந்து பொரிந்தது, கரண்டி தாச்சியைச் சுரண்டியது, ஆனால் வாசம் மட்டும் வரவில்லை. சத்தமெல்லாம் ஓய்ந்து கொஞ்சம் கழித்துத்தான், பொரிந்த சூரை மீனின் வாசம் ஒன்றுமறியாததுபோல் மெல்ல அறைக்குள் வந்தது.

திரை முந்துகிற அளவுக்கு வீட்டின் சத்தமும் முந்தி வந்தது. அழித்த வரிகளை அவசரமாகத் திரும்பப் போட்டான். இடைவெளி குறையவில்லை. ஒரு நிமிஷம். இரண்டு. மூன்று.

"ஏன் கையப் புடிக்கிறீங்க? விடுங்க, நோகுது."

ஸம்றாவின் குரல். அவன் மேசைக்கு முன்னால்தான் இருந்தான். வீட்டில் வேறு யாருமில்லை.

"இஞ்சேருங்க… உங்களுக்குப் பின்னால ஆரு?"

பிறகு ஓர் அலறல். அவன் பெயரைச் சொல்லி. சீமெந்துத் தரையில் எதுவோ இழுபடும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

ஓடினான். ஸம்றா அடுப்படியில் நின்று மீனைப் பிரட்டிக்கொண்டிருந்தாள். எண்ணெய் கொதித்தது, சத்தமில்லை. அவனைக் கண்டு ஏதோ கேட்டாள். உதடுதான் அசைந்தது. மூன்று நிமிஷம் இருக்கிறது, அதற்குள் இவளை வெளியே கொண்டுபோய்விடலாம், அல்லாஹ்வே, விட்டுவிடு என்று மனம் கதறியது. அவள் கையைப் பிடித்துப் பின்கதவுக்கு இழுத்தான். தாழ்ப்பாள் இறுகியிருந்தது. ஒரு கையால் குத்தினான். அசையவில்லை. திரும்பத் திரும்பக் குத்தினான், நிமிஷங்கள் கரைய அவள் கையைப் பிடித்த பிடி இறுகியது.

அவள் முகம் சுளித்தாள். உதடுகள் அசைந்தன. தன் கையைப் பார்த்தாள், அதைப் பிடித்திருந்த அவன் விரல்களைப் பார்த்தாள்.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

விட்டான். பிந்திவிட்டது. அவள் கண் அவன் முகத்தை விட்டு, தோளைத் தாண்டிப் போனது. அங்கேயே நின்றது. உதடுகள் மெல்ல ஒரு கேள்வி கேட்டன.

அவன் கழுத்தில் யாரோ மூச்சுவிட்டார்கள். ஸம்றா வாயை அகலத் திறந்தாள். சத்தம் வரவில்லை.